‘கேரவன்’ என்பதற்குச் ‘சாத்து’ போதும்

> மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய மாலிப் பேரரசு பற்றிய கட்டுரையில் ‘கேரவன்’ வரும் இடமெல்லாம் ‘ஒட்டக வரிசை’ என்று மாற்றலாமா?

ஐயா, வணக்கம்.

‘ஒட்டக வரிசை’ காட்சியை நன்றாகக் காட்டுகிறது. ஆனால் சகாராவைக் கடந்தவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. 1352இல் மொராக்கோப் பயணி இபின் பதூதா பாலையின் வடவிளிம்பிலிருந்த சிஜில்மாசாவிலிருந்து கிளம்பிய கூட்டத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். உப்புக் கட்டிகளால் வீடு கட்டி, ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்த தகாசா என்ற உப்புச் சுரங்க ஊரை 25 நாளில் அடைந்தார்கள். அதற்கப்பால் 100 மித்கால் (அக்கால எடை அளவு) பொன் கூலி பேசி, ஒருவரை முன்னதாகப் பாலையின் தென்விளிம்பிலிருந்த வலாத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர் போய்ச் சொன்னால்தான் அங்குள்ளவர்கள் நான்கு நாள் தொலைவு தண்ணீரோடு எதிர்கொண்டு வருவார்கள். அவர் வழியில் மாண்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் மாளக்கூடும். இப்படி உயிரைப் பொதுவில் வைத்து நடந்தவர்களை ‘வரிசை’ என்று சொல்ல மனம் வரவில்லை.

நம்மிடம் ‘சாத்து’ இருக்கிறது. கூட்டமாகச் சரக்கோடு பயணம் போகிறவர்கள் என்று பொருள். மிளகுப் பொதியோடு, சுங்கம் வாங்கும் பெருவழியில் போகிறவர்களைப் பெரும்பாணாற்றுப்படை ‘கழுதைச் சாத்து’ என்கிறது. கோவலனின் தந்தை பெயரே மாசாத்துவான். வடமொழி ‘சார்த்த’த்தோடு உறவுள்ள சொல்தான், அதனால் எனக்குத் தடையில்லை, சங்க காலத்திலேயே நம்முடையதாகிவிட்டது. மாலிக்கு முந்தைய பழைய கானா அரசிலும் கழுதையும் சுங்கமும் உண்டு. ஒரு கழுதைச் சுமை உப்பு உள்ளே வந்தால் 1 தினார், வெளியே போனால் 2 தினார் அரசர் வாங்கியதாக 11ஆம் நூற்றாண்டில் புவியியல் அறிஞர் அல் பக்ரி எழுதியிருக்கிறார். அங்கே ‘ஒட்டக வரிசை’ பொருந்தவே பொருந்தாது. ‘கழுதைச் சாத்து’ அப்படியே பொருந்துகிறது.

> சாத்து என்றால் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்துவதுதான் நினைவுக்கு வரும்.

உண்மைதான், அம்மா. கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் ‘வணிகச் சாத்து’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘சாத்து’ என்று சுருக்கலாம். ஐந்நூற்றுவர் போன்ற பழைய வணிகர் அமைப்புகளையும் சிலர் ‘வணிகச் சாத்து’ என்று எழுதுகிறார்கள். அவற்றுக்கு ‘வணிகக் குழு’ என்பதை ஒதுக்கிவிட்டால் குழப்பம் வராது.

எல்லாச் சாத்தும் வணிகத்துக்காகக் கிளம்பியதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மாலி அரசர் மன்சா மூசா 1324இல் கெய்ரோ வழியாக மக்காவுக்குப் போனது ஹஜ் சாத்து. அவர் வாரியிறைத்த பொன்னால் கெய்ரோவில் பொன் விலையே இறங்கியது. அந்தப் பயணத்திலிருந்து அவரோடு மாலிக்கு வந்தவர் அந்தலூசியக் (முஸ்லிம் ஸ்பெயின்) கவிஞர் அஸ்ஸாஹிலி. மாலியின் திம்புக்து நகரிலுள்ள ஜிங்கரேபர் பள்ளிவாசலைக் கட்டியவர் என்று அவர் பெயரைச் சொல்வார்கள். பின்னாளில் அந்த ஊர்ச் சந்தையில் மற்றச் சரக்குகளைவிடக் கையெழுத்து நூல்களில்தான் ஆதாயம் அதிகம் என்று பயணி லியோ ஆப்பிரிக்கானுஸ் எழுதினார். உப்பு வந்த வழியில்தான் நூலும் வந்தது, மார்க்கமும் வந்தது. அதனால் ‘சாத்து’ தனித்து நிற்கட்டும். உப்பு, ஹஜ் என்று முன்னால் சேர்த்துக்கொள்வோம்.

ஓரிடத்தில் மட்டும் அடைமொழியை விடவே கூடாது. இபின் பதூதா 1353இல் தகத்தா என்ற ஊரிலிருந்து வடக்கே திரும்பிய கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தனர். அதை வெறும் ‘சாத்து’ என்று எழுதினால் அவர்கள் மறைந்துபோவார்கள். ‘அடிமைகளைக் கொண்டுசென்ற சாத்து’ என்றே முழுதாக எழுத வேண்டும் என்பது என் கருத்து.

வலாத்தாவுக்கு முன்னே போனவரை அரபியில் ‘தக்ஷீஃப்’ என்கிறார்கள். ‘முன்னோடி’ என்றால் இன்று வேறு பொருள் வந்துவிடுகிறது. ‘முன்செல்வோர்’ சரிப்படுமா?