மகளின் முன்பற்கள் ரம்பம் போல இருக்கின்றன, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது. பால் பல் விழுந்து முளைத்த மேல் முன்பற்களின் விளிம்பு இன்னும் ரம்பம் மாதிரியே இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லிலும் மூன்று சின்ன மேடுகள். விரலால் தடவினால் நெருடுகிறது.

பல் டாக்டர் பொறுமையாக விளக்கினார். முன்பல்லின் வெளிப்பக்கம் மூன்று மடல்களாக வளர்ந்து ஒன்றாகச் சேருகிறது. அவற்றின் நுனிகள்தான் இந்த மேடுகள், பெயர் மாமெலான். பிறந்து மூன்று நான்கு மாதத்திலேயே இந்தப் பல் தாடைக்குள் கெட்டிப்படத் தொடங்கிவிடுமாம்! வெளியே வந்த பிறகு மேல் பல்லும் கீழ்ப் பல்லும் உரச உரச மேடு தேய்ந்துவிடும். இவளுக்கு வாயை மூடினாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி இருக்கிறது, அதனால்தான் தேயவில்லை. 6 வயது வரை கட்டை விரல் சூப்பினாள், இடைவெளி அதனால் வந்திருக்கலாம். அப்புறம் விட்டுவிட்டாள்.

இப்போது சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி இருந்ததா? இடைவெளி தானாகவே மூடியதா, கிளிப் போட்டீர்களா? எந்த வயதில்? மேட்டை ராவி விடலாம் என்றும் ஒருவர் சொன்னார், எனாமலைத் தொட எனக்குப் பயம். செய்து பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.