கட், எடிஷன், கமெண்டரி: திகில் பட வட்டுகளுக்கான சொற்கள்

அனுப்புநர்: இரா.

அனைவருக்கும் வணக்கம்.

திகில் பட வட்டுகளின் பட்டியலுக்குச் சொல் தேடும்போது முதலில் வழக்குத் தீர்க்க வேண்டியது 'பதிப்பு'. கலெக்டர்ஸ் எடிஷன் என்றால் சேகரிப்பாளர் பதிப்பு. டைரக்டர்ஸ் கட் என்றால் இயக்குநர் பதிப்பு. ரீஸ்டோர் செய்தது புதுப்பித்த பதிப்பு. பேச்சில் ஒப்பேறிவிடும். பட்டியல் போட உட்கார்ந்தால் எது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

ஜார்ஜ் ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்' (1978) இதற்குச் சரியான உரைகல். அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடியது 127 நிமிடம். ஐரோப்பாவுக்காக இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ தொகுத்தது சுமார் 120 நிமிடம். காப்ளின் என்ற ராக் குழுவின் இசை அதில் தூக்கலாக இருக்கும். கான் விழாவுக்காகத் தொகுத்த நீளமான ஒன்று மூன்றாவது. பிரிட்டனின் செகண்ட் சைட் நிறுவனம் 2020-இல் இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் வெளியிட்டது. கூடவே இசை வட்டுகள், ஒரு புத்தகம், படத்தின் நாவல் வடிவம். இப்போதிருக்கும் வழக்குப்படி சொன்னால் மூன்று பதிப்புகள் அடங்கிய ஒரு பதிப்பு!

என் முன்மொழிவு: கட், அதாவது ஒரே படத்தை வெவ்வேறு விதமாகத் தொகுத்ததில் ஒன்று, என்பதற்கு 'வடிவம்'. எடிஷனுக்கு மட்டும் 'பதிப்பு'. அப்படியானால் 'அர்ஜென்டோ வடிவம்', 'திரையரங்க வடிவம்', '2020 செகண்ட் சைட் பதிப்பு' என்று பிரித்துச் சொல்லிவிடலாம். 'வெட்டு' வேண்டாம். படத்துக்கு வெட்டு என்றாலே நம் காதில் தணிக்கைதான் விழும். திகில் படங்களில் உண்மையான தணிக்கை வெட்டுகளே ஏராளம், அவற்றுக்கு அந்தச் சொல் தேவை. 'தொகுப்பு' எடிட்டிங்குக்குப் போய்விட்டது. பாக்ஸ் செட்டுக்குப் 'பேழை' எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. வடிவத்தை ஓடுநேரத்தை வைத்து அடையாளம் காணக்கூடாது. ஐரோப்பாவின் பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓட வேண்டிய படம் 25 ஆக ஓடும். 127 நிமிடம் 122 ஆகிவிடும். ஒரு சட்டகம்கூடக் குறையாத அந்த டிவிடியை 'ஐந்து நிமிடம் வெட்டப்பட்டது' என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. ஆகவே பதிவில் வடிவத்தின் பெயர், ஓடுநேரம், சட்டக வேகம் மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் வர வேண்டும்.

இரா.

---

அனுப்புநர்: செ.

அன்புள்ள இரா.,

வடிவம், பதிப்பு, பேழை மூன்றுக்கும் என் ஒப்புதல். நான் கமெண்டரிக்கு, அதாவது படம் ஓடும்போது கூடவே ஓடும் விளக்கப் பேச்சுக்கு, வருகிறேன்.

'வர்ணனை' கிரிக்கெட்டுக்கு இருக்கட்டும். நடப்பதை நடக்கும்போதே சொல்வது அது. வட்டில் வரும் கமெண்டரி, முடிந்துபோன ஒரு படைப்பை வரிக்கு வரி தொடர்ந்து விளக்குவது. அதற்கு நம்மிடம் ஆயிரம் ஆண்டுப் பழக்கம் உள்ள சொல் இருக்கிறது: உரை. பேசுபவர் உரையாசிரியர். ஒரு படத்துக்கு இயக்குநர் உரை, ஒப்பனைக் கலைஞர் உரை, ஆய்வாளர் உரை என்று மூன்று இருந்தால், திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்ட நாட்டில் அதை விளக்கவே வேண்டாம். ஆகவே 'உரைத்தடம்'.

இந்த வழக்கம் தொடங்கியதே ஒரு ராட்சதக் குரங்குப் படத்தில்தான். 1984-இல் கிரைட்டீரியன் நிறுவனம் 'கிங் காங்' (1933) படத்தை லேசர் வட்டாக வெளியிட்டது. படத்தின் ஒலி மோனோ, அதாவது ஒரே வழி. வட்டிலோ இரண்டு ஒலி வழிகள். மிஞ்சிய வழியில் திரைப்பட ஆய்வாளர் ரொனால்ட் ஹேவர் படம் ஓட ஓடப் பேசினார்.

இன்றைய திகில் பட வட்டுகளில் மூன்று நான்கு உரைகள் குவிவதற்குக் காரணமும் கணக்குதான். நொடிக்கு 192 கிலோபிட் வீதம் 100 நிமிட உரைத்தடம் வெறும் 144 மெகாபைட். நொடிக்கு 20 மெகாபிட்டில் ஒன்றரை மணி நேர ஆவணப்படம் சேர்த்தால் 13.5 ஜிகாபைட். ஓர் அடுக்கு புளூ-ரே வட்டின் மொத்தக் கொள்ளளவு 25 ஜிகாபைட். படத்தையும் ஆவணப்படத்தையும் அதே வட்டில் திணித்தால் அடிபடுவது படம். அதிலும் திகில் படத்தில் பாதி இருட்டு. பிட் குறைந்தால் இருட்டு முதலில் கட்டம் கட்டமாக உடையும், ஃபிலிமின் துகள் அமைப்பு குழைந்துபோகும். 'கூடுதல் அம்சங்கள் ஏராளம்' என்று அட்டையில் பார்த்தால் எத்தனை வட்டு என்பதையும் பார்க்க வேண்டும்.

அதனால் போனஸ் ஃபீச்சர்ஸையும் இரண்டாகப் பிரிக்கலாம். வட்டுக்குள் இருப்பது 'கூடுதல்'. பெட்டிக்குள் கையில் எடுக்கும்படி இருப்பது, அதாவது சிற்றேடு, சுவரொட்டி, படஅட்டைகள், 'உடன்பொருள்'. 'கொசுறு' என்றுதான் எனக்கு வாயில் வருகிறது, ஆனால் பலர் அந்தக் கொசுறுக்காகத்தான் பெட்டியையே வாங்குகிறார்கள்.

செ.

---

அனுப்புநர்: வ.

செ. ஐயா, வணக்கம்.

உரைத்தடம் நல்ல சொல். ஆனால் கணினித் தமிழில் டெக்ஸ்ட் என்பதற்கும் உரை என்றுதானே எழுதுகிறோம்? சில வட்டுகளில் படம் பற்றிய தகவல்கள் சப்டைட்டிலாகவே ஓடும். அதை உரைத்தடம் என்பதா, இதையா? சப்டைட்டிலுக்கு 'வரித்தடம்' என்று முடிவுசெய்தால்தான் இது நிற்கும். தகவல் ஓடுவது 'குறிப்புவரி'.

ஐசொலேட்டட் ஸ்கோருக்கு, அதாவது வசனம் இல்லாமல் பின்னணியிசை மட்டும் ஓடும் தடத்துக்கு, யாராவது 'தனியிசைத் தடம்' சொல்வதற்கு முன் ஒரு தடை: தனியிசை என்றால் இப்போது சினிமா சாராத பாட்டு. 'பின்னணியிசைத் தடம்' போதும்.

ஸ்லிப்கவருக்கு 'உறை' வேண்டவே வேண்டாம். உரை, உறை இரண்டையும் பலர் ஒன்றுபோலவே சொல்கிறார்கள். ஒரே பட்டியலில் இரண்டும் இருந்தால் தொலைபேசியில் படித்துச் சொல்பவர் பாடு திண்டாட்டம்.

எங்கட பக்கம் வட்டை இறுவட்டு என்பார்கள். பட்டியலில் அதையும் மாற்றுச் சொல்லாகப் போட்டுவையுங்கள்.

வ.

---

அனுப்புநர்: இரா.

வ. சொன்ன வரித்தடம், குறிப்புவரி, பின்னணியிசைத் தடம் மூன்றும் பட்டியலில் ஏறின. இறுவட்டும் சேர்ந்தது.

இனிப் பெட்டி வகைகள். இங்கே விற்பவர்களும் வாங்குபவர்களும் அடிக்கடி மோதிக்கொள்வது சொல் குழம்புவதால்தான்.

மேலும் கீழும் திறந்த மெல்லிய அட்டைச் சட்டை ஸ்லிப்கவர்: 'மேலட்டை'. ஒரு பக்கம் மட்டும் திறந்த, கெட்டி அட்டையால் ஆன ஸ்லிப்கேஸ்: 'கூடு', கண்ணாடிக் கூடு என்கிறோமே அதேபோல. மேலட்டை இல்லாவிட்டால் விலை இறங்கும். கூடு இல்லாவிட்டால் அந்தப் பதிப்பே முழுமையில்லை. ஒன்றை மற்றதாக எழுதி விற்றால் சண்டைதான்.

ஸ்டீல்புக் ஒரு வணிகப் பெயர். மற்ற நிறுவனங்களின் பெட்டியையும் அப்படி அழைப்பது சரியல்ல. பொதுச்சொல் 'உலோகப் பெட்டி'. 'தகரப் பெட்டி' பொருளளவில் சரி, ஆனால் மூவாயிரம் ரூபாய் கொடுத்தவரிடம் சொல்லிப் பாருங்கள். நிலை எழுதும்போது முதுகு, நான்கு மூலை, வெளிப்பக்கத்து நடு என்று வரிசையாகப் பார்த்து 'நசுங்கல்', 'கீறல்', 'பெயிண்ட் உதிர்வு' மூன்றையும் பிரித்து எழுதவும். பின்பக்கம் ஒட்டிவரும் விவரத்தாளைப் பிய்க்கக் கூடாது. பசைப்புள்ளி பெயிண்டோடு வரும். ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் பசை இளகிய பிறகு உருட்டி எடுக்கலாம். பாதுகாப்பு உறையாக பிவிசி வேண்டாம், நாளடைவில் அச்சில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் நல்லது.

ஆங்கர் பே 2002-இல் வெளியிட்ட 'ஈவில் டெட்' டிவிடிக்கு டாம் சல்லிவன் வடித்த முகத்தோடு ரப்பர் அட்டை. அந்த லேடெக்ஸ் ரப்பர் சூட்டிலும் வெளிச்சத்திலும் பிசுபிசுத்து, பிறகு இறுகி உதிரும். இப்படிப்பட்டவற்றுக்கு நிலைக் கட்டத்தில் 'அட்டைச் சிதைவு' என்று தனி வரி தேவை.

திருப்பிப் போடக்கூடிய அட்டைத்தாளுக்கு 'இருமுகத் தாள்'. ஜெர்மனியில் இதற்கு ஒரு கட்டாயக் காரணம் உண்டு. வயதுச் சான்று முத்திரை முன்பக்கம் இடது கீழ்மூலையில் குறைந்தது 1200 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 2008-இல் சட்டம் வந்தது. முத்திரை படத்தைக் கெடுக்கிறது என்று கூச்சல் எழ, தாளின் மறுபக்கம் முத்திரையில்லாமல் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு பகுதியில் விற்ற வட்டை வேறு பகுதியின் கருவியில் ஓடவிடாத ரீஜன் லாக் 'மண்டலப் பூட்டு'. புளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. 4கே வட்டுக்குப் பூட்டே கிடையாது. ஆனால் அதே பெட்டிக்குள் வரும் சாதாரண புளூ-ரேக்கு இருக்கலாம், கூடுதல்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். எனவே மண்டலத்தைப் பெட்டிக்கு ஒருமுறை எழுதாமல் வட்டுவாரியாக எழுத வேண்டும்.

ஒரே வட்டில் இரண்டு வடிவங்களை ஓட்டும் சீம்லெஸ் பிராஞ்சிங்குக்கு எனக்குச் சொல் அமையவில்லை.

இரா.

---

அனுப்புநர்: செ.

'கிளையோட்டம்' பார்க்கலாமா?

'ஏலியன்' (1979) திரையரங்க வடிவம் 117 நிமிடம், 2003 இயக்குநர் வடிவம் 116. இரண்டுக்கும் பொதுவான காட்சிகள் வட்டில் ஒருமுறைதான் பதிவாகியிருக்கும். வேறுபடும் இடத்தில் ஓட்டம் கிளை பிரிந்து, பிறகு பொதுப்பாதையில் சேரும். புளூ-ரேயில் துண்டுகள் எம்2டிஎஸ் கோப்புகள். எந்த வரிசையில் ஓட்டுவது என்பதைச் சொல்வது எம்பிஎல்எஸ் கோப்பு, அதாவது 'ஓட்டப்பட்டி'. இது தெரியாமல் ஆகப் பெரிய எம்2டிஎஸ்ஸை மட்டும் நகலெடுத்தால் படம் நடுவில் அறுந்து நிற்கும். ஓட்டப்பட்டியைத் திறந்து எடுத்தால் முழு வடிவமும் வரும்.

கோளாறு வருவது சேரும் இடத்தில். ஒலிச் சட்டகத்தின் நீளமும் படச் சட்டகத்தின் நீளமும் ஒன்றல்ல என்பதால் ஒவ்வொரு இணைப்பிலும் நூலளவு இடைவெளி விழும். சில கருவிகளில் அது ஒரு கணம் ஒலி விட்டுப்போவதாகக் கேட்கும், சிலவற்றில் படம் திக்கும். இதற்கு 'கிளைத்திக்கல்' என்று சேர்த்துவிடலாம். கிளையோட்டம் உள்ள வட்டில் உரைத்தடம் எந்த வடிவத்துக்குரியது என்பதும் பதிவில் வர வேண்டும். ஒரு வடிவத்துக்குப் பேசிய உரை மற்றதில் ஓடினால் முதல் கிளையிலேயே பேச்சு ஒரு காட்சி, படம் ஒரு காட்சி என்று ஆகிவிடும்.

செ.