அம்மாவின் டொராண்டோ பயணம்: துபாயில் 2 மணி நேரம் போதுமா?

ஹட்டனிலிருந்து அம்மா டிசம்பரில் டொராண்டோவில் இருக்கும் அக்காவிடம் தனியாகப் போகிறார். வயது 68. இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலியால் சக்கர நாற்காலி வேண்டும்.

கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேரவே 5 மணி நேரம். அதற்குள் கால் வீங்கி செருப்பு நுழையாது. அப்புறம் துபாய்க்கு ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர், 5 மணி நேரம். அங்கிருந்து டொராண்டோவுக்குச் சுமார் 11,000 கிலோமீட்டர், 14 மணி நேரம். இலங்கைக்கும் டொராண்டோவுக்கும் நேர வித்தியாசம் பத்தரை மணி என்பதால் ஊசி நேரத்தை டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டேன்.

துபாயில் விமானம் மாற ஒரு டிக்கட்டில் 2 மணி 10 நிமிடம், இன்னொன்றில் 8 மணி நேரம். முகவரிடம் இரண்டு தடவை கேட்டும் "சமாளிக்கலாம்" என்கிறார், அவ்வளவுதான். நாளைக்குள் பணம் கட்ட வேண்டும்.

சக்கர நாற்காலியில் பெற்றோரைத் தனியாக அனுப்பியவர்களே, அந்த 2 மணி 10 நிமிடம் போதுமாக இருந்ததா?