.30-06 ரைஃபிளுக்கு ஈயமுனைக் குண்டு: மானுக்கும் மூஸுக்கும் ஒன்றே போதுமா?

வணக்கம். ஒன்டாரியோ வேட்டைக்காரர்களிடம் ஒரு யோசனை வேண்டும். ரைஃபிள் .30-06, 22 அங்குலக் குழல், குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வெண்வால் மான் 50 முதல் 150 கஜத்துக்குள், மூஸ் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) அதிகபட்சம் 200 கஜம்.

கையில் இருப்பது 180 கிரெயின் (குண்டின் எடை அளவு) ரெமிங்டன் கோர்-லாக்ட். 1939 முதல் வருகிற குண்டு, விலையும் தாங்கும். மானின் விலாவில் பட்டால் குறை சொல்ல எதுவுமில்லை. சந்தேகம் மூஸின் தோள் எலும்பில்தான். கிட்டத்தில், வேகம் குறையாமல் எலும்பில் மோதினால் செம்பு உறையும் ஈயமும் பிரிந்து, குண்டு ஆழம் போகாமல் நின்றுவிடுமோ? காயத்தோடு ஓடிய மிருகத்தைச் சதுப்பில் தேடும் நிலை வரவே கூடாது.

நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டில் நடுவே செம்புச் சுவர் இருப்பதால், முன்பாதி விரிந்து சிதைந்தாலும் பின்பாதி உள்ளே துளைத்துப் போகும். ஆனால் விலை அதிகம். ஹார்னடி இன்டர்லாக்கில் உறைக்குள் ஒரு வளையம் ஈயத்தைப் பிடிக்கிறது. மூஸுக்கு அது போதுமா?

மூஸ் அறுத்தபோது குண்டை எடுத்து எடை போட்டவர்கள் மூன்றையும் சொல்லுங்கள்: தூரம், பட்ட இடம், மிஞ்சிய கிரெயின். பார்ட்டிஷனுக்கு மாறினால் 100 கஜத்தில் குறி எவ்வளவு நகர்ந்தது என்பதும் தேவை. ஒரே எடையானாலும் மறுபடி குறி சரிபார்க்காமல் காட்டுக்குள் போக முடியாது.

இன்னொன்று: பின்னுதைப்பில் மேகசினின் முன்சுவரில் இடித்து ஈயமுனை நசுங்குகிறது. 200 கஜத்தில் அது குறியைக் கெடுக்குமா?