கார் ஷெட்டில் மேட் போட்டவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கத்துப் பிள்ளை:

போன மார்கழியில் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஷெட்டில் சிமெண்ட் பார்க்கிங் டைல்ஸ். கார் வாங்கின ஆறே மாதத்தில் சக்கரம் நிற்கிற நாலு இடத்திலும் பழுப்புக் கறை. ஆசிட் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை. சரி, மூடிவிடலாம் என்று சென்னை பிராட்வேயில் காயின் மேட் ஒரு ரோல் வாங்கி, கேட்டிலிருந்து பின்சுவர் வரைக்கும் விரித்தேன். காசு காசாகப் பதித்த மாதிரி இருக்குமே, அந்த சாம்பல் நிற பிவிசி மேட்தான். முதல் இரண்டு மாதம் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்புறம் கேட் பக்கத்து ஓரம் சுருள ஆரம்பித்தது. வெயில் நேராக விழுவதும் அங்கேதான், காரைத் திருப்பும்போது முன்சக்கரம் அழுத்தி அரைப்பதும் அங்கேதான். மூன்று நாள் பார்த்தேன். ஆபீஸ் கிளம்பும்போது செருப்புக் காலால் மிதித்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தால் மறுபடி இரண்டு விரல் உயரத்துக்கு நிமிர்ந்திருக்கும்.

நாலாவது நாள் விடிகாலை அஞ்சரை மணி. அம்மா ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் ஒரு கையில் கோலப்பொடி டப்பாவுமாக வாசலுக்குப் போனார். சொம்பு உருளும் சத்தம்தான் எனக்குக் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஈர மேட் மேல் உட்கார்ந்திருக்கிறார், வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது. என்னைப் பார்த்ததும், "ஒண்ணும் இல்லடா, மொதல்ல அந்தப் பொடியை மூடு, நனைஞ்சுடப் போகுது" என்றார். ஆறு வாரம் மாவுக்கட்டு.

மூன்று நாள் பார்த்தேனே, ஒரு கத்தியை எடுத்து அந்த ஓரத்தை வெட்டி எறிய எனக்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. இதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

கொரட்டூர் புல்லட்:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது நண்பா. அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

என் கதை ஃபோம் மேட். ஜிம்மில் போடுவார்களே, ஒன்றோடொன்று பல் மாட்டிக்கொள்கிற ஈவிஏ சதுரங்கள், 12 மி.மீ. கனம். ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து ஸ்பேனர் பிடிக்க முட்டிக்கு இதமாக இருக்கும் என்று போட்டேன். இதமாகத்தான் இருந்தது. ஆனால் என் புல்லட் பைக்கின் சைடு ஸ்டாண்ட் நுனி எவ்வளவு பெரியது? இரண்டு விரல் அகலம். வண்டியோ 190 கிலோவுக்கு மேல். நிறுத்தும்போது சரியாகத்தான் நிற்கும். ராத்திரி முழுக்க அந்த நுனி மெல்ல மெல்ல ஃபோமுக்குள் இறங்கும், வண்டி சாய்ந்துகொண்டே வரும்.

இரண்டு மணிக்கு இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். புல்லட் சாய்ந்து, பக்கத்தில் இருந்த என் மகளின் சைக்கிள் அதற்கடியில். டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ஃபோமில் விழுந்து, பட்ட இடமெல்லாம் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. அதற்கு முந்தின சாயங்காலம்தான் அவள் அந்த இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு வந்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

இப்போது வெறும் தரை. ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு சாண் கடப்பாக்கல் துண்டு. அவ்வளவுதான்.

வில்லிவாக்கம் வாசகி:

பழைய ஃப்ளெக்ஸ் பேனரை யாரும் ஷெட்டில் விரிக்காதீர்கள். காசு மிச்சம் என்று விரித்தோம். மழை நாளில் ஸ்கூட்டியை உள்ளே ஏற்றினேன், பிரேக் பிடித்தேன், வண்டியும் நானும் பேனரும் சேர்ந்து போய்ச் சுவரில் மோதினோம். முன்பல் ஒன்று போனது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

பழைய காண்டிராக்டர்:

முதலில் மடிப்பாக்கம் தம்பிக்கு. அம்மா விழுந்தது வருத்தம்தான். ஆனால் பழியைக் காயின் மேட் மேல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட் வரைக்கும் விரித்ததுதான் தப்பு. கேட்டிலிருந்து மூன்றடி உள்ளே நிறுத்தியிருந்தால் வெயிலும் படாது, நடக்கிறவர்கள் காலும் படாது. சுருட்டி வந்த ரோலை வாங்கின அன்றே வெட்டி ஒட்டக் கூடாது. இரண்டு நாள் மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டு, சமமான பிறகுதான் அளவெடுக்க வேண்டும். ஓரத்துக்கு அலுமினியப் பட்டை வைத்து ஸ்க்ரூ போட வேண்டும்.

என் சொந்த அனுபவம் சின்னது. 2012-ல் என் வீட்டு ஷெட்டுக்கு நானே எபாக்ஸி என்கிற தரைப் பெயிண்ட் அடித்தேன். சித்திரை வெயிலில் செங்கல்பட்டு வரை போய் வந்து காரை நிறுத்தினேன். மறுநாள் காலையில் எடுத்தால் டயரோடு பெயிண்ட் உரிந்து வந்தது, நாலு சக்கரத்துக்கும் நாலு பள்ளம். ஊராருக்கெல்லாம் தரை போட்டவன் வீட்டுத் தரை அது. சூடான டயர் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பிடித்து இழுக்கும் என்பதை அன்றைக்குத்தான் படித்துக்கொண்டேன்.

இனி மற்றவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டியவை. டயர்க் கறை அழுக்கு இல்லை. ரப்பர் வெயிலில் வெடிக்காமல் இருப்பதற்கு அதில் ஒரு ரசாயனம் கலந்திருப்பார்கள். அது டயரிலிருந்து கசிந்து தரையில் இறங்கிப் பழுப்பாகிவிடும். ஆசிட் அதைத் தொடாது, டைல்ஸைத்தான் அரிக்கும். வெளிர் நிற பிவிசி மேட்டிலும் அதே கறை ஏறும். ஆகவே கறுப்போ அடர் சாம்பலோ வாங்குங்கள்.

மேட் வாங்கும் முன் தரை ஈரம் கக்குகிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான பாலிதீன் தாளை வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உரித்தால் அடியில் வியர்த்திருக்கலாம், அல்லது சிமெண்ட் கறுத்திருக்கலாம். அப்படியானால் முழுத் தரையையும் மூடுகிற மேட் உங்களுக்கு ஆகாது. கீழே இருந்து ஏறுகிற ஈரத்துக்கு வெளியே போக வழி இருக்காது. உப்புப் பூக்கும், நாற்றம் வரும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் ஏரியும் சதுப்புமாக இருந்த மண், இதை மறக்கவே கூடாது.

எண்ணெய் சிந்துகிற வேலை செய்பவர்கள் கடைக்காரரிடம் நைட்ரைல் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரப்பர் பெட்ரோலும் ஆயிலும் பட்டால் ஊதிப் போகும். ஊதின மேட் மறுபடி தட்டையாகாது. ஆயில் கொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். மரத்தூள் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கூட்டி அள்ளுங்கள், அப்புறம் சோப்பு. கொரட்டூர் தம்பி மேட்டே வேண்டாம் என்று எடுத்தது அவசரம், ஸ்டாண்டுக்குக் கல் வைத்தவர் மேட்டையும் வைத்திருக்கலாம்.

கொரட்டூர் புல்லட்:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அவசரம் என்று சொல்லாதீர்கள். அந்தச் சைக்கிளின் ஹேண்டில் எப்படி மடங்கிக் கிடந்தது என்று நான் பார்த்தேன். என் மகள் விளையாடுகிற இடத்தில் இனி மெத்தென்று எதுவும் வேண்டாம்.

முடிச்சூர்வாசி:

மிதக்கிற மேட்டைப் பற்றி யாருமே எழுதவில்லை.

2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்போது கார் இல்லை. கார் வாங்கின பிறகு, தண்ணீர் ஓடட்டும் என்றுதான் ஓட்டை ஓட்டையாக இருக்கிற பிளாஸ்டிக் இன்டர்லாக் டைல்ஸ் போட்டேன். அடியில் கால் வைத்த மாதிரி இருக்கும், மழைத் தண்ணீர் கீழே ஓடிவிடும், மேலே காயும். சாதாரண மழைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை, இதை நான் இப்போதும் சொல்வேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நாலாம் தேதி விடிவதற்கு முன்னால், கரண்ட் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஷெட்டில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். காரை எடுத்து மேடான தெருவில் இருக்கிற மாமா வீட்டில் விட்டுவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று இறங்கினேன். கேட் திறக்கவில்லை. எங்கள் கேட் உள்பக்கமாகத் திறப்பது. கார் நிற்காத இடத்து டைல்ஸ் எல்லாம் பல் பிரிந்து மிதந்து வந்து, கேட்டுக்கு உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகி நிற்கின்றன. ஒன்றை உருவினால் அடுத்தது வந்து அந்த இடத்தில் உட்காரும். இருட்டில், குளிர்ந்த தண்ணீரில், தோசைக்கல்லைத் திருப்புகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி எடுத்துக் காம்பவுண்டுக்கு மேல் எறிந்தேன். இருபது நிமிடமாவது இருக்கும். கேட் திறந்தபோது தண்ணீர் கார்க் கதவின் அடியைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஸ்டார்ட் செய்தால் இன்ஜினே போய்விடும் என்று சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன்.

அந்த பிளாஸ்டிக் பாலிப்ரொப்பிலீன். தண்ணீரைவிட லேசானது, மிதக்கத்தான் செய்யும். பிவிசியும் கெட்டி ரப்பரும் முழுகிக் கிடக்கும். இந்த ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்ததுமே காரைப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்த்து முன்பெல்லாம் சலித்துக்கொள்வேன். இப்போது நானும் முதல் நாளே கிளம்பிவிடுகிறேன்.

பெரும்பாக்கத்து அக்கா:

காண்டிராக்டர் சார் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று, மேட்டுக்கு அடியில் யார் குடியிருப்பார்கள் என்பது.

நாங்கள் மாட்டு மேட் போட்டிருக்கிறோம். ஆமாம், தொழுவத்தில் மாட்டின் முட்டி தேயாமல் இருக்கப் போடுகிற அதே கனமான ரப்பர். என் தம்பி திருவள்ளூர் பக்கம் மாடு வைத்திருக்கிறான், அவன்தான் வாங்கிக் கொடுத்தான். ஆறரைக்கு நாலு அடி, ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. சுருளாது, நகராது, மிதக்காது, கார் ஏறினாலும் அசையாது. அந்த ரப்பர் நாற்றம் மட்டும் கத்திரி வெயிலில் வீட்டுக்குள்ளேயே வரும். அதற்கு நான் பழகிவிட்டேன்.

கனம் என்பதாலேயே ஒரு வருடமாகத் தூக்கவில்லை. போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை, ஓரத்தில் குப்பை அடைத்திருக்கிறது என்று மேட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். மணிக்கட்டு வரை உள்ளே. ஜில்லென்று ஏதோ விரலில் பட்டது. ஈரத் துணி என்று நினைத்தேன். துணி தானாகவே கையை விட்டு நகர்ந்து போனது.

கையை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்காரர் கடப்பாரையால் ஓரத்தை நெம்பிப் பார்த்துவிட்டு வனத்துறைக்குப் போன் செய்தார். வந்த தம்பி கொக்கியால் எடுத்துக் காட்டினார். தண்ணீர்ப் பாம்பு, விஷம் இல்லாதது. "பயப்படாதீங்கம்மா, ஆனா இதே இடத்துல கண்ணாடி விரியன் இருந்திருந்தாலும் நீங்க இப்படித்தான் கைய விட்டிருப்பீங்க" என்றார். உண்மைதான். சதுப்பு நிலம் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம். அவை இருக்கிற இடத்துக்கு நாம்தான் வந்திருக்கிறோம்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு, ஆள் வைத்து மூன்று மேட்டையும் சுவரில் சாய்க்கிறோம். அடிப்பக்கம் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் இருக்கும், அதில் தேங்குகிற தண்ணீரைத் துடைத்து வெயில் காட்டுகிறோம். ஏடிஸ் கொசு முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது என்பதால் பிரஷ் போட்டுத் தேய்த்தும் விடுகிறேன். யாரும் வெறுங்கையை விடுவதில்லை, முதலில் குச்சியால் தட்டுவோம்.

வில்லிவாக்கம் வாசகி:

அக்கா, அந்தத் துணி நகர்ந்து போன இடத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் எங்கள் ஷெட்டுக் கால்மிதியைக் குச்சியால் தூக்கிப் பார்த்தேன். ஒரு பூரான். அவ்வளவுதான், ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மடிப்பாக்கத்துப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. கொரட்டூர் நண்பர் கேட்டிருந்தார். அம்மாவுக்குக் கை சேர்ந்துவிட்டது, ஈரத் துணி பிழியும்போது மட்டும் வலி. காண்டிராக்டர் ஐயா சொன்ன மாதிரி நேற்று பாலிதீன் தாளை ஒட்டி வைத்தேன். காலையில் உரித்தால் அடியெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். மேட் முழுவதையும் சுருட்டி எடுத்துவிட்டேன். சக்கரம் நிற்கிற இடத்துக்கு மட்டும் இரண்டு பட்டையாக வெட்டிப் போடப் போகிறேன். அதையும் ஒட்டப் போவதில்லை.

அம்மா வந்து பார்த்துவிட்டு, அந்தப் பழுப்புக் கறையைக் காலால் தேய்த்து, "இதை மறைக்கவாடா இவ்வளவும்?" என்று கேட்டார்.

முடிச்சூர் நண்பரே, எறிந்த டைல்ஸை அப்புறம் என்ன செய்தீர்கள்?

முடிச்சூர்வாசி:

பாதி தண்ணீரோடு போய்விட்டது. மீதி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில். துணி காயப்போடும்போது அதன் மேல்தான் நிற்கிறோம்.