ஈயம் கலந்த கரையோர நிலத்துக்குக் கட்டக்கோரைக் கரி உதவுமா?

கேள்வி: பாம்பன்காரன்

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு அருகில் கரையை ஒட்டி எங்களுக்கு அரை ஏக்கர் நிலம் உள்ளது. குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் அங்கே பல ஆண்டுகள் படகுகளைப் பழுதுபார்த்ததோடு, ஒரு மூலையில் பழைய பேட்டரிகளையும் உடைத்திருக்கிறார்கள். மண் பரிசோதனையில் அந்த மூலையில் ஈயம் மிக அதிகமாகவும் பி.எச். (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் எனக் காட்டும் அளவு) 5.8 ஆகவும் இருந்தது; மற்ற இடங்களில் பி.எச். 8.1. கரை ஒதுங்கும் கட்டக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசியைக் கரியாக்கி நிலம் முழுவதும் இட்டால் மண் தேறுமா?

பதில் 1: செம்மண்

ஐயா, ஒரே மருந்தை இரண்டு இடத்துக்கும் இட வேண்டாம். கடற்பாசிக் கரியில் மரக்கரியைவிடக் கார்பன் குறைவு. சாம்பலும், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் போன்ற உப்புகளும் அதிகம். அதனால் அது காரத்தன்மை உடையது. பேட்டரி அமிலம் ஊறிய மூலையில் அந்தக் காரம் பி.எச். அளவை உயர்த்தும், நீரில் கரைந்து நகரும் ஈயம் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் படிந்து அடங்கும். ஏற்கெனவே 8.1 உள்ள மண்ணிலோ அதே காரம் இரும்பையும் துத்தநாகத்தையும் பயிருக்கு எட்டாமல் செய்துவிடும்.

அளவையும் எண்ணிப் பாருங்கள். ஒரு சென்ட் நிலத்தில் 20 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 11 டன் மண் இருக்கும். எடையில் 2 சதவீதம் இட வேண்டுமென்றால் 220 கிலோ கரி தேவை. காய்ந்த பாசியில் பாதி எடைதான் கரியாகத் தேறும் என்பதால், ஈரப்பாசியாக மூன்று, நான்கு டன் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த மூலைக்கு இது முடியும். அரை ஏக்கருக்கு முடியாது.

பதில் 2: உவர்நிலத்தாள்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன்; ஆனால் உப்பைக் கழுவாமல் தொடங்கிவிடாதீர்கள். கழுவாத பாசியைக் கரியாக்கினால் கடலுப்பில் பெரும்பகுதி கரியில் தங்கி, ஏற்கெனவே உவர் ஏறிய நிலத்தில் சோடியத்தை மேலும் கூட்டிவிடும். சுடும் இரும்பு டிரம்மையும் அரித்துவிடும். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து ஆர்சனிக் என்ற நச்சுப் பொருளைத் தம்முள் சேர்த்து வைப்பவை. காரம் ஏறினால் ஈயம் அடங்கும், ஆனால் ஆர்சனிக் நகரத் தொடங்கும். ஆகவே கரியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே இடுங்கள்.

இன்னொன்றை மனத்தில் வையுங்கள். கரி ஈயத்தை அகற்றாது, பிடித்து மட்டுமே வைக்கும். மறு பரிசோதனையிலும் மொத்த ஈயம் குறைந்திருக்காது. பயிர் உறிஞ்சக்கூடிய பகுதி குறைந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது தெரியும் வரை அங்கே கீரையோ கிழங்கோ பயிரிட வேண்டாம், குழந்தைகளை அந்த மண்ணில் விளையாடவும் விடாதீர்கள்.

பாசியைக் கரையில் ஒதுங்கியதிலிருந்து மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே கை வைக்கக் கூடாது. பாசியிலிருந்து அகார் என்ற கூழ்ப்பொருளை எடுக்கும் மதுரைப் பக்கத்து ஆலைகளில் மீந்த மரிக்கொழுந்துப் பாசிச் சக்கை கிடைத்தால் அதையும் சோதித்துப் பார்க்கலாம். வெந்நீரில் கொதித்து வந்த சக்கையில் உப்பு குறைந்திருக்கும்.

பதில் 3: பாம்பன்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று ஒரு கூடைப் பாசியை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினேன். முதல் தண்ணீர் வழுவழுப்பாகவும், நாவில் வைத்தால் கரிக்கும் அளவுக்கு உப்பாகவும் இருந்தது; மூன்றாவது தண்ணீரில் அந்தக் கரிப்பு பெரும்பாலும் போய்விட்டது. அலசாமல் காயவைத்த பாசியின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததையும், அலசியதில் அது இல்லாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நீங்கள் சொன்னதன் கனம் புரிந்தது. கரியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, மூலை மண்ணில் நான்கு தொட்டிகள் மட்டும் வைக்கிறேன்: இரண்டில் 2 சதவீதக் கரி, இரண்டில் கரியே இல்லாமல். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.