நம்ம சொந்தங்கள் குழு: மாமாவோட ஃபிஸ்டுலா

சரசு அத்தை: மாமாவுக்கு இன்னிக்கு டயாலிசிஸ் பாதியிலயே நிறுத்திட்டாங்க. டயாலிசிஸுக்காகக் கையில ரத்தக்குழாய்களை இணைச்சு வச்ச ஃபிஸ்டுலாவுல ரத்த ஓட்டம் பத்தலயாம் 😔

முரளி: நம்ம செல்லுலேர்ந்தே புது ரத்தக்குழாய் வளர்த்து வைக்கறாங்கன்னு வீடியோ வந்துச்சே. கயல், நீ அந்தப் படிப்புதானே? நெசமா?

கயல்: நெசம்தான் அண்ணா. மாமா மாதிரி டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கே வச்சிருக்காங்க. கலிஃபோர்னியாவுல சைட்டோகிராஃப்ட்னு ஒரு கம்பெனி. நோயாளியோட தோல்ல துளி, ரத்தக்குழாய்ல (வெயின்) துளி எடுத்தாங்க. தோல் செல் மெல்லிய ஏடா வளர்ந்ததும் அதைப் பாய் மாதிரி சுருட்டி, ஒண்ணா ஒட்டற வரைக்கும் விட்டு, உள்பக்கம் அந்த ரத்தக்குழாய் செல்லை வளர்த்தாங்க. பிளாஸ்டிக்கே கிடையாது.

பெரியம்மா: அப்ப தம்பிக்கும் செய்யலாமே. பணம் புரட்டிக்கலாம்.

கயல்: பணம் இருந்தாலும் இப்ப கிடைக்காது பெரியம்மா 😞 ஒரு குழாய் வளரவே ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. அர்ஜென்டினா, போலந்துல 10 பேருக்கு ஆரம்பிச்சதை 2009ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதுனாங்க. 3 பேருக்கு சீக்கிரமே கெட்டுப்போச்சு. 5 பேருக்கு 6லேர்ந்து 20 மாசம் வரை அதுலயே டயாலிசிஸ் ஓடுச்சு. எல்லாருமே ஏற்கெனவே ஒரு தடவையாவது ஃபிஸ்டுலாவோ, கிராஃப்ட்னு வைக்கற செயற்கைக் குழாயோ கெட்டுப்போனவங்க. அதனால என்னைக் கேட்டா அது பெரிய விஷயம்.

முரளி: வீடியோவுல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாச்சுன்னு சொன்னாங்களே?

கயல்: அது வேற அண்ணா. சிம்வெஸ்னு பேரு, 2024 டிசம்பர்ல அனுமதி. வேற மனுஷங்க செல்லை வச்சு வளர்த்து, அப்புறம் செல்லையெல்லாம் கழுவி எடுத்துட்டு வெறும் குழாயை வைப்பாங்க. யாருக்கும் பொருந்தும், மாசக்கணக்கா காத்திருக்க வேண்டாம். ஆனா கை கால்ல அடிபட்டு ரத்தக்குழாய் அறுந்தவங்களுக்குத்தான் அந்த அனுமதி.

மாமா: எனக்கு என்ன வழி கண்ணு?

கயல்: ஃபிஸ்டுலா போச்சுன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க மாமா. ரத்த ஓட்டத்தைப் பார்க்கற டாப்ளர் ஸ்கேன் கேளுங்க. நடுவுல சுருங்கியிருந்தா பலூன் விட்டு விரிக்கப் பார்ப்பாங்க. கையில அதிர்வு இருக்கா?

மாமா: லேசா இருக்கு.

கயல்: அது நின்னா விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியே கெளம்புங்க. அந்தக் கையில பிரஷர் பார்க்க விடாதீங்க. வலது கையிலயும் ட்ரிப்ஸ் ஏத்தவோ ரத்தம் எடுக்கவோ வந்தா புறங்கையில குத்தச் சொல்லுங்க. அடுத்த ஃபிஸ்டுலாவுக்கு மணிக்கட்டுக்கு மேல இருக்கற ரத்தக்குழாய் வேணும்.

சரசு அத்தை: நாளைக்கே ஸ்கேனுக்கு எழுதி வாங்கறேன். முரளி, 8 மணிக்கு வண்டி எடுத்துட்டு வாப்பா.

முரளி: வந்துடறேன் அத்தை 👍